நீண்ட கால முதலீடு

"அக்கா, நீண்ட கால முதலீட்டுக்கு பங்கு வாங்க இந்த ஆன்லைன் புரோக்கர் ஆப்தான் பெஸ்ட். புரோக்கரேஜே கிடையாது. ஒரு தட்டு தட்டினா வாங்கலாம், இன்னொரு தட்டு தட்டினா விக்கலாம்" என்றான் தம்பி.

"அவ்வளவு சுலபமா? வேண்டாம்டா, வேற காட்டு."

தம்பி அடுத்த ஆப்பைத் திறந்தான். "இதுல விலை ஏறினாலும் இறங்கினாலும் உடனே மணியடிச்சுச் சொல்லும்."

"ஐயோ, அது வேண்டவே வேண்டாம். மூணாவது?"

"அதை விடுக்கா. கட்டணம் கம்மிதான், ஆனா சரியான கட்டை வண்டி. விக்கப் போனா ரெண்டு பாஸ்வேர்டு கேட்கும், பாதியில அப்படியே நின்னுடும்."

அக்காவின் முகம் மலர்ந்தது. "அதையே போடு!"

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"கணக்கு எனக்கில்லடா, உன் மாமாவுக்கு! போன வாரம் பத்து வருஷத்துக்குத் தொடவே மாட்டேன்னு சொல்லித்தான் பங்கு வாங்கினார். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள வித்துட்டார்."

கட்டணம் கம்மி என்றதும் கணவரும் குஷியாகி, அந்த ஆப்பிலேயே பங்குகளை வாங்கிப் போட்டார். மறுநாள் காலையிலேயே அறைக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"ஏம்மா, இதுல விக்கிறதுக்குப் பட்டன் எங்க இருக்கு?"

"நிதானமாத் தேடுங்க. இன்னும் பத்து வருஷம் இருக்குல்ல?"