பெயர் கடைசியில்தான் வரும்

"கொஸ்டின்... தர்ட்டி... தர்ட்டி..."

கணினியின் குரல் முப்பத்திரண்டாவது கேள்வியின் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் அபுதாஹிருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்குத் தேர்வு மூடிவிடும். இப்போது பதினொன்று நாற்பத்தாறு. இன்னும் ஒன்பது கேள்விகள்.

கண் தெரியாதவனுக்குத் திரையை வாசித்துச் சொல்ல அந்தக் குரலை விட்டால் நாதியில்லை. காலையில் பொரிந்து தள்ளியது. அரை மணி நேரமாக ஒவ்வொரு சொல்லையும் மென்று மென்று துப்புகிறது. பெட்டிக்குள் விசிறி வேறு கிடந்து அலறுகிறது.

மாஹிமிலும் முலுண்டிலும் ஆறு ஆபீஸ் ஏறி இறங்கியாயிற்று. கையிலிருக்கும் தடியைப் பார்த்ததுமே சொல்லியனுப்புவதாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீட்டிலிருந்தே பார்க்கிற இந்த வேலைக்கு மட்டும்தான் முகம் காட்டாமல் தேர்வு. இதையும் விட்டால் அவ்வளவுதான். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திறந்துகிடந்த மற்ற பக்கங்களை மூடினான். மின்னஞ்சலை மூடினான். ஒரு மாற்றமும் இல்லை.

அவன் கணினியில் ஓடும் லினக்ஸில் ஒரு வழி உண்டு. ஒரு கட்டளை கொடுத்தால், கணினியின் சக்தியை அதிகம் தின்கிற நிரல் எதுவோ அது பட்டியலில் முதலாவதாக வரும். முதலில் அதன் எண், பிறகு எத்தனை சதவீதம், பிறகு யாருக்கும் வேண்டாத ஏழெட்டுக் கணக்குகள். நிரலின் பெயர் கடைசியில்தான் வரும்.

கொடுத்தான். குரல் இழுத்து இழுத்து வாசித்தது. எண், இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு. தொண்ணூற்றாறு சதவீதம்.

தொண்ணூற்றாறு! ஒருத்தனே பந்தி முழுக்கத் தின்றால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும்?

குரல் அடுத்த கணக்கில் தடுக்கி நின்றது. பெயர் வர இன்னும் ஒரு நிமிடமாவது ஆகும். யார் காத்திருப்பது? அந்த எண்ணைத் தட்டி, நிரலை அங்கேயே நிறுத்தினான்.

விசிறி அடங்கியது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

தேர்வுப் பக்கத்துக்குத் திரும்பி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

குரல் வரவில்லை.

அதைத் திரும்ப எழுப்பும் பொத்தான்களை அழுத்தினான். இன்னொரு முறை. இன்னொரு முறை. தான் நிறுத்தியது எதை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அத்தனையையும் தின்றுகொண்டிருந்தது அந்தக் குரலேதான்.

ஒன்பது நிமிடம் இருந்தது.

அடுப்படியிலிருந்த மனைவி நூர் நிஷாவைக் கத்திக் கூப்பிட்டான். ஈரக் கையோடு ஓடிவந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நின்றவள். அவளுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

பட்டறையில் ரசாயன மருந்து தெறித்து அவனுக்குக் கண் போனது இருபத்திரண்டு வயதில். எழுத்துகளின் வடிவம் இன்னும் மறக்கவில்லை.

"படிக்க வேண்டாம் நூரு. ஒவ்வொரு எழுத்தும் எப்பிடி இருக்குன்னு மட்டும் சொல்லு. ஜல்தி!"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரையை ஒட்டிக் குனிந்தாள்.

"மொதல்ல ரெண்டு கம்பு நிக்கு மச்சான். நடுவுல ஒண்ணு படுத்துக் கெடக்கு."