புது கோச் கை தட்டினார்

பந்துகள் வைக்கும் அறையை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் புது கோச் மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். வருகைப் பதிவேட்டுக்குள் அவர் ஒளித்து வைத்திருந்த புத்தகம், 'குழந்தைகளுக்கான கூடைப்பந்து'. வண்ணப் படங்களுடன்.

"சார், எல்லாரும் வந்துட்டோம்!" வெளியே கேப்டன் கதவைத் தட்டினாள்.

"இதோ வரேம்மா. ஒரு வியூகம் யோசிச்சிட்டிருக்கேன்."

யோசித்துக்கொண்டிருந்தது, பந்தைத் தட்டாமல் எத்தனை அடி நடக்கலாம் என்று!

மனிதரைத் திட்டாதீர்கள். இருபது வருடமாக நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். தண்ணீரில் இறங்கிவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பழைய கல்லூரியில் நீச்சல்குளத்தை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் சும்மா கிடந்தார். 'விளையாட்டுப் பயிற்சியாளர் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்து, நீச்சல் என்று கொட்டை எழுத்தில் எழுதித்தான் விண்ணப்பம் போட்டார். வந்த உத்தரவிலோ கூடைப்பந்து! முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டிலாவது ஜெயித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"ஆபீஸ்ல எவனோ தூங்கிட்டே டைப் அடிச்சிருக்கான். போய் உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"சொல்லித்தான் பாருங்களேன்! எட்டு மாசமா அடுப்படியில வந்து நின்னு எனக்கு கோச்சிங் குடுத்தது போதும். போய்ப் பந்தைப் பிடிங்க."

சேர்ந்த அன்று கல்லூரி முதல்வரும் விட்டேற்றியாகத்தான் பேசினார். "என்கிட்ட எதுவும் கேக்காதீங்க. உங்களைத் தேர்ந்தெடுத்தது நான் இல்ல. ரெண்டு வருஷத்துல நாலு கோச் மாத்தியாச்சு. நான் கையைக் கழுவிட்டேன்."

மைதானத்தில் கேப்டன் விசாரணையே நடத்தினாள். "முன்னாடி இருந்த சார்லாம் பெரிய பெரிய ஆட்டக்காரங்க. ஆட்டம் முடியற வரைக்கும் ஓரமா நின்னு 'குடு, குடுக்காதே, ஓடு, ஓடாதே'ன்னு கத்திட்டே இருப்பாங்க. கையும் ஓடாது, காலும் ஓடாது. நீங்க எப்படி சார்?"

"நான் கொஞ்சம் அமைதியான ஆளும்மா." தெரிந்தால்தானே கத்துவதற்கு!

முதல் ஆட்டம். கடைசி இரண்டு நிமிடத்தில் நடுவர் டைம் அவுட் கொடுக்க, பெண்கள் வியர்வை சொட்டச் சொட்ட அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கோச்சுக்கு நீச்சல்குளத்தில் சொல்வதுதான் வாயில் வந்தது.

"மூச்சை நல்லா இழுங்க. மெதுவா விடுங்க. அவ்வளவுதான். போங்க!"

போனார்கள். ஆறு புள்ளியில் ஜெயித்தார்கள். கோச் கழிவறைக்குப் போய்த் தனியாகக் குதித்துவிட்டு வந்தார்.

இரண்டாவது ஆட்டத்தில்தான் மானம் போகப் பார்த்தது. இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணியும் பக்கம் மாறி ஆடும் என்பது புத்தகத்தின் பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது. அவர் படித்திருந்தது பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும். முதல் ஆட்டத்தில் பயத்தில் எதையுமே கவனிக்காதவர், இந்த முறை ஆளைப் பார்க்காமல் கூடையை மட்டும் பார்த்து, எதிரணி போட்ட நாலு கூடைக்கும் எழுந்து நின்று கை தட்டினார், விசில்கூட அடித்தார்.

எதிரணிக்காரிகள் மிரண்டு போனார்கள். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பயந்து, போட வேண்டிய பந்தையெல்லாம் ஒருத்திக்கொருத்தி மாற்றிக்கொண்டே நின்றார்கள். நடுவர் வந்து, "உங்க கோச்சுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "எங்க சாருக்குப் பரந்த மனசு சார்," என்றாள் கேப்டன், முகத்தில் சிரிப்பே காட்டாமல். அதிலும் வெற்றி!

இரண்டு வெற்றி, வேலை நிரந்தரம். ஆனால் மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. பச்சைக் குழந்தைகள் மாதிரி நம்புகிறார்களே, இவர்களை ஏமாற்றிச் சம்பாதிக்கும் வேலை உடம்பில் ஒட்டுமா?

மூன்றாவது ஆட்டம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள், மிச்சம் ஒன்பது விநாடி. "நீங்களே பேசி முடிவு பண்ணுங்கம்மா," என்று சொல்லிவிட்டு கோச் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அணியிலேயே குள்ளமான 'பம்பரம்' எறிந்த பந்து வளையத்தில் ரெண்டு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது. அரங்கமே அதிர்ந்தது!

பெண்கள் அவரை அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். முதல்வர் வேலை நிரந்தர உத்தரவோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தார். அந்தரத்தில் தொங்கிய கோச் இதற்கு மேல் தாங்க மாட்டாமல் கத்தினார்.

"இறக்குங்கம்மா! அந்த உத்தரவை நான் வாங்கக் கூடாது. எனக்குக் கூடைப்பந்துல அ, ஆ கூடத் தெரியாது. நான் நீச்சல் மாஸ்டர். ஆபீஸ்ல தப்பா என்னைப் போட்டுட்டாங்க. உங்களை ஏமாத்திட்டேன்!"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு கொல்லென்று சிரித்தார்கள்.

"ஐயோ சார், தப்பெல்லாம் ஒண்ணும் நடக்கல," என்றாள் கேப்டன். "வந்த விண்ணப்பம் மொத்தத்தையும் முதல்வர் எங்க தலையில கட்டி, 'நீங்களே ஒரு ஆளைப் பிடிச்சுக்கோங்க'ன்னுட்டார்."

"அப்புறம் போயும் போயும் என்னை ஏம்மா பிடிச்சீங்க?"

"வந்த நாப்பத்தேழு பேர்ல இந்த ஆட்டம் தெரியாதவர் நீங்க ஒருத்தர்தானே சார்!"