நான்கு விசில்

விரித்த ஜமுக்காளத்தின் நடுவில் சிவப்பு நாற்காலி.

அவனுக்காகத்தான். மேலே துண்டு வேறு போட்டிருந்தார்கள்.

தங்கை புகுந்த வீட்டாருக்கு நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் சுருக்கென்று தைத்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கை பூங்கனியின் மூத்தவளுக்கு இதே கோயிலில் காது குத்தினார்கள். அன்று அவன் படுக்கையில் கிடந்தான். பதினெட்டு வருடம் லாரி ஓட்டிய இடுப்பு. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை சித்தப்பா மகன் மடியில் உட்கார்ந்தது.

மாமன் இருந்தும் இல்லாத பிள்ளை என்று யாரோ சொன்னார்களாம். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

பூங்கனி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

இளையவளின் காதுகுத்துக்கு எட்டு மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்கிவிட்டான்.

வலி இல்லாத நாளிலும் செய்ய வேண்டும் என்றிருந்தார் பிசியோதெரபிஸ்ட். செய்தான். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கினான். பூனை மாதிரி முதுகை வளைத்தான்.

கடைசியில் தரையில் சம்மணம். மடியில் பத்து கிலோ அரிசிப் பை. அடுப்பில் குக்கர்.

முதலில் ஒரு விசில்வரைகூடத் தாங்கவில்லை. பொங்கலுக்குள் நான்கு விசில்.

விசில் அடங்கியதும் மனைவி வந்து பையை எடுப்பாள். அவன் பக்கவாட்டில் சரிந்து, கைகளை ஊன்றி, மண்டியிட்டு, சுவரைப் பிடித்து எழுவான்.

அதை அவளைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

இன்று அந்தச் சிவப்பு நாற்காலியை ஓரமாகத் தள்ளினான். கிழக்கே பார்த்துச் சம்மணமிட்டான்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

குழந்தை மடிக்கு வந்தாள். அரிசிப் பை உதைக்காது. இவள் உதைத்தாள்.

ஆசாரி கம்பியை எடுத்தார். ஒரு காது. வீறிட்டாள்.

அவன் இடுப்பிலிருந்து தொடைவரை சுண்டி இழுத்தது. அசையவில்லை.

மறு காது.

குலவைச் சத்தம். குழந்தையை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அவன் கழுத்தில் மாலை விழுந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். எல்லாரும் எழுந்தார்கள்.

எழுந்து நின்றார்கள். மாமன் முன்னால் போகட்டும் என்று.

பக்கத்தில் சுவர் இல்லை. இத்தனை கண்ணுக்கு முன்னால், பட்டு வேட்டியும் மாலையுமாக, கையையும் காலையும் ஊன்றி.

எட்டு மாதமாக உட்காரப் பழகியவன், சபையில் எழுந்திருப்பதை நினைக்கவே இல்லை. மடையன்.

மாலையைச் சரிசெய்தான். தோள் துண்டை மடித்தான். மறுபடி விரித்தான்.

"எல்லாரும் பந்திக்கு நடங்க. அண்ணன் பைய வரட்டும்."

பூங்கனியின் குரல்.

மண்டபம் காலியானது.

அவள் மட்டும் போகவில்லை. சிவப்பு நாற்காலியை இழுத்து வந்து, அவன் கைக்கு எட்டும் தூரத்தில் போட்டாள்.

பிறகு அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தாம்பாளத்தில் வெற்றிலை அடுக்கத் தொடங்கினாள்.

ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த வெற்றிலைதான்.