நாள் டிக்கெட்

"நாள் டிக்கெட் ஒண்ணு குடுங்கண்ணே. சாயங்காலம் வரைக்கும் செல்லுமில்ல?"

ஓட்டுநர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். துவைத்துத் தேய்த்த உடுப்பு, தோளில் துணிப்பை, அதன் வாயில் செருகிய ஒரு காகிதக் கொடி.

"செல்லும். எங்கம்மா போகணும்?"

"எங்கயும் இல்ல. சும்மா சுத்தணும்."

சரிதான், தேசிய தினமும் அதுவுமாக நமக்கு வாய்த்த ஒரே பயணி இப்படியா என்று நினைத்தபடி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் முன் இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.

அவர் ஏற்கெனவே கடுப்பில் இருந்தார். ஊரே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க, அவர் மட்டும் காலிப் பேருந்தை உருட்ட வேண்டும். சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு படிவம் வேறு உறுத்திக்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருக்கும் மச்சான் அனுப்பியது. கையெழுத்துப் போட்டு இன்று மாலைக்குள் அனுப்பினால் அங்கே லாரி ஓட்டும் வேலை. குடும்பத்தோடு ஒரேயடியாகப் போய்விடலாம்.

"போகணும்னா போங்க, வேணாம்னா விடுங்க. என் தலையில மட்டும் கட்டாதீங்க" என்று மனைவி ஒரு புதுப் பேனாவையும் பையில் செருகி அனுப்பியிருந்தாள்.

முந்தின நாள் மழையில் சாலை இன்னும் மினுமினுத்தது. பேருந்து சத்தமே இல்லாமல் மிதப்பதுபோல் இருந்தது. கம்பத்துக்குக் கம்பம் கொடி. எங்கோ ஒலிபெருக்கியில் நாட்டுப் பாடல், காற்று விட்டுக்கொடுத்த அளவுக்குத் துண்டு துண்டாகக் கேட்டது.

பூங்கா வந்ததும் அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, "நன்றி" என்றாள்.

வெளியே ஈ காக்கை இல்லை. "யாருக்கும்மா?"

"அந்த பெஞ்சுக்கு. வந்த புதுசுல ரெண்டு ராத்திரி அதுலதான் படுத்தேன். முழிச்சுப் பாத்தா மேல ஒரு போர்வை. யார் போத்துனாங்கன்னு இன்னிவரைக்கும் தெரியாது."

மறை கழன்ற கேஸ் போலிருக்கிறது என்று நினைத்தாலும், அவர் கால் தானாக வேகத்தைக் குறைத்தது.

தெருமுனைக் குழாய்க்கு ஒரு நன்றி. ஆஸ்பத்திரிக்குப் பெரிய நன்றியாக இரண்டு.

"பின்பக்கம் சலவைக்கூடத்துல இருபத்திரண்டு வருஷமா படுக்கை விரிப்பு மடிக்கறேன். ஊர்ல பாதிப் பேர் நான் மடிச்சதுல படுத்து எந்திரிச்சவங்கதான். நீங்க படுத்திருக்கீங்களா?"

"போன வருஷம் குடல்வால் ஆபரேஷன். மூணு நாள்."

"அப்ப நீங்களும் நம்ம ஆளுதான்" என்று உரிமையோடு சிரித்தாள்.

அவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நன்றி சொல்ற அளவுக்கு இந்த நாடு என்னம்மா குடுத்துச்சு? குண்டும் குழியுமா ரோடு, லீவு நாள்ல வேலை" என்றார். பேச்சோடு பேச்சாகப் படிவத்தைப் பற்றியும் சொல்லிவிட்டார். முன்பின் தெரியாதவளிடம் ஏன் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை.

"போங்கண்ணே, தப்பே இல்ல" என்றாள். "ஆனா நீங்களா விரும்பிப் போகணும். அது ஒண்ணுதான்."

இரண்டாவது சுற்றில் வெயில் வந்தது. கடைசிச் சுற்றில் அது மஞ்சளாகிச் சாய்ந்தது. நேரம் எங்கே போனது என்று இருவருக்குமே தெரியவில்லை. யார் யாரோ ஏறினார்கள், இறங்கினார்கள். அவள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

மார்க்கெட் வளைவில் ஓட்டுநர் தொண்டையைச் செருமினார்.

"அந்த வேகத்தடைக்கு ஒரு நன்றி சொல்லும்மா."

"எதுக்குண்ணே?"

"கல்யாணமான புதுசுல சைக்கிள்ல வந்தோம். அதுல குலுங்கித்தான் என் வீட்டுக்காரி முதல் தடவையா என் முதுகுல சாஞ்சா."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பேருந்து ஏறி இறங்கும்போது இருவரும் சேர்ந்தே நன்றி சொன்னார்கள். அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இத்தனை வருடமாக ஓட்டிய தெருக்களை இன்றைக்குத்தான் பயணியாக உட்கார்ந்து பார்த்ததுபோல் அவற்றின்மேல் ஓர் ஆசை பொங்கியது. படிவம் இருந்த பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கடைசி நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்தார். கொடிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கும் இதே வண்டிதான்மா. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல உனக்காக ஒரு நிமிஷம் கூடவே நிறுத்தறேன்."

அவள் அவருடைய சட்டைப் பையைக் காட்டினாள். "அண்ணே, அந்தப் பேனாவைக் கொஞ்சம் தர்றீங்களா? நானும் ஒரு கையெழுத்துப் போடணும்."

துணிப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து முழங்காலில் விரித்தாள். விளக்கைப் போட்ட ஓட்டுநரின் கண் அதன்மேல் விழுந்தது. அரசு முத்திரை. கீழே, தங்குவதற்கான அனுமதி நீட்டிக்கப்படாததால் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று இரண்டே வரி. வெளியேற வேண்டிய நாளாக இன்றைய தேதியை அச்சடித்து, அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே நாளைய தேதியை எழுதியிருந்தார்கள்.

"இன்னைக்கு லீவுங்கறதால இங்க எனக்கு ஒரு நாள் கூடக் கிடைச்சுதுண்ணே" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவை மூடி அவரிடமே நீட்டினாள்.