காதல் காட்சிக்கு ஆள் தேர்வு

போடியில் புதிய நாடகத்துக்கு ஆள் தேர்வு. நடிப்பவர்கள் சொந்தமாகப் பேசுவதைக் கேட்டுத்தான் இயக்குநர் வீரையா வசனமே எழுதுவார்.

"தம்பி சுருளி, இந்தப் பொண்ண மொத மொதப் பாக்குறே. பாத்ததும் மயங்கிப் போறே. பேசு."

கதாநாயகி முத்துப்பிரியாவை ஏற இறங்கப் பார்த்தான் சுருளி. முகத்தில் சலனமே இல்லை.

"சுமார்தான்."

மறுபடி செய்யச் சொன்னபோதும் அதே முகம், அதே சொல்.

"ஆசையே தெரியலையேப்பா. என்ன சோலி பாக்குறே?"

"ஏலக்காய் ஏலத்துல முதலாளிக்குச் சரக்கு எடுக்குறேண்ணே. பிடிச்சது மூஞ்சில தெரிஞ்சா, பக்கத்துல இருக்கவன் விலைய ஏத்திவிட்ருவான்."

வரிசையில் நின்ற அடுத்தவனைக் கூப்பிட்டார் வீரையா.

முத்துப்பிரியா தயங்கிக் கேட்டாள்: "அப்ப நெசமாவே நான் எப்படி இருக்கேன்?"

சுருளி வரிசையில் நின்ற இளைஞர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"ரொம்பச் சுமார்."

முத்துப்பிரியா வெட்கத்தில் தலை குனிந்தாள். வீரையா அவசரமாக எழுத ஆரம்பித்தார்.