நீலவேணியின் இரண்டு குரல்கள்

"நீலவேணி எந்த எடத்துல வில்லியா மாறினா? உங்களுக்கு என்ன தோணுது?"

இயக்குநர் கிருபாகரன் காலையிலிருந்து குரல் தேர்வுக்கு வந்த எல்லோரிடமும் இதையே கேட்டுக்கொண்டிருந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது அவனுடைய ஒலிப்பதிவுக்கூடம். செல்போனில் கேட்கிற மாயாஜாலத் தொடர் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தான். அதில் வரும் சூனியக்காரிதான் நீலவேணி.

மலைநாட்டுப் பெண். அவள் ராகம் இழுத்தால் வற்றிய ஊற்றும் சுரக்கும். ஜனங்கள் தன் பேச்சைவிட அவள் பாட்டுக்குக் காது கொடுப்பதைப் பொறுக்காத அரசன், பாலில் விஷம் கலந்து தருகிறான். உயிர் தப்பிவிடுகிறது, குரல் தப்பவில்லை. அதன்பிறகு அவள் வாயைத் திறந்தால் பாறை வெடிக்கும்.

வந்தவர்கள் அத்தனை பேரும் விஷம் குடித்த அன்றுதான் மாறினாள் என்றார்கள்.

ஜெபா கொஞ்சம் யோசித்தாள். அண்ணனூரிலிருந்து ரயிலேறி வந்தவள். முப்பது வயது இருக்கும். இதற்கு முன் எதிலும் நடித்ததில்லை.

"அன்னிக்கு இல்ல சார்." கருங்கல்லைத் தரையில் இழுப்பது போன்ற குரல். "அன்னிக்கு உசுரு பொழைச்சதே பெருசா இருந்திருக்கும். அப்பால ஊர்ல ஒரு திருவிழா வந்திருக்கும். இவ பாடற பாட்டை வேற ஒருத்தி பாடியிருப்பா. ஜனங்க அதுக்கும் கை தட்டியிருப்பாங்க. இவ கூட்டத்துல நின்னுகினு அதைப் பாத்திருப்பா. அன்னிக்குத்தான் சார் மாறியிருப்பா."

கதையில் அப்படி ஒரு திருவிழாவே இல்லை. கிருபாகரன் பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுதுகிறவரிடம் சொல்லி அந்தக் காட்சியைச் சேர்க்கச் சொல்வதாகச் சொன்னான்.

கீழே பட்டறை சாப்பாட்டுக்கு நிற்கும்வரை காத்திருந்தார்கள். சத்தம் அடங்கியதும் ஜெபா மைக் முன்னால் போய் நின்றாள். அரசனைச் சபிக்கும் காட்சி.

"என் குரலை எடுத்தவனே, உனக்கு என் பெயரை விட்டுவைக்கிறேன். ஒவ்வொரு இரவும் அதை நீயே அலறி, நீயே விழித்துக்கொள்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் சுலைமான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, தன் கையைக் கிருபாகரனிடம் நீட்டிக் காட்டினான். மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.

வெளியே வந்தவளிடம் கிருபாகரன் தயங்கித் தயங்கித்தான் விஷயத்தைச் சொன்னான். முதல் பத்து அத்தியாயத்தில் நீலவேணி நல்லவள். வசனமே கிடையாது, ஹம்மிங் மட்டும்தான். அதையும் இந்தக் கர்ஜனையையும் ஒரே ஆள்தான் தர வேண்டும். இரண்டு பேரை வைத்தால் கேட்கிறவர்கள் காது கண்டுபிடித்துவிடும், அப்புறம் அவளுக்காக யாரும் வருத்தப்பட மாட்டார்கள். மைதிலி என்று ஒரு நடிகை முந்தின நாள் இரண்டையும் செய்து காட்டியிருக்கிறார். கர்ஜனை இந்த அளவுக்கு இல்லை என்றாலும், வேறு வழியில்லை.

"ஒருத்தியோட ஹம்மிங் என்கிட்ட கீது சார். ஒரு தபா கேட்டுருங்க," என்றாள் ஜெபா.

அவன் மறுபடியும் தன் நிபந்தனையை ஆரம்பித்தான். அவளோ செல்போனைச் சுலைமான் கையில் கொடுத்துவிட்டிருந்தாள்.

ஸ்பீக்கரில் அந்த ராகம் புறப்பட்டது. வாத்தியம் இல்லை, வார்த்தை இல்லை. மெதுவாக ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, நடுங்காமல் இறங்கியது.

"யாரு இவங்க?" கிருபாகரன் ஜெபா பக்கம் திரும்பினான்.

ஆவடியில் ஒரு சர்ச் கொயரில் பாடிக்கொண்டிருந்தவள் என்றாள் ஜெபா. கிறிஸ்துமஸ் வந்தால் தனிப்பாட்டு அவளுக்குத்தானாம்.

"உங்க தங்கச்சியா?"

ஜெபா தலையாட்டி மறுத்தாள். "எனக்கு அவமேல ரொம்ப நாளாக் கோவம் சார். இதைக் கேட்டேன்னா ரெண்டு நாளைக்கு யார்கிட்டயும் பேச மாட்டேன். இன்னிக்குத்தான் மனசு வந்து எடுத்தாந்தேன்."

உடனே அந்தப் பெண்ணை வரச் சொல்லும்படி கேட்டான் கிருபாகரன்.

"அவளால இனிமே பாட முடியாது சார்."

அந்தப் பெண் இறந்துபோய்விட்டாள் என்று நினைத்தானோ என்னவோ, எழுந்து நின்றுவிட்டான். மன்னிப்புக் கேட்டான். சுலைமான் மட்டும் இரண்டு பதிவுகளையும் மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு எடுக்கிற இடம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது என்று முணுமுணுத்தான்.

"இருந்து என்ன பண்றது சுலைமான்?" கிருபாகரன் பெருமூச்சு விட்டான். பிறகு ஜெபாவைப் பார்த்தான். "ரெண்டும் ஒரே தொண்டையிலேருந்து வந்திருந்தா, இந்த நிமிஷமே நீங்கதான் நீலவேணின்னு சொல்லியிருப்பேன்."

ஜெபா கழுத்தைச் சுற்றியிருந்த துப்பட்டாவை இறக்கினாள். தொண்டையின் குறுக்கே நீளமாக ஒரு தழும்பு.

"சொல்லுங்க சார்," என்று சிரித்தாள். "ஆபரேஷனுக்கு முன்னாடி அதைப் பாடினது நான்தான்."