பிரித்துக் கொடுக்கப்பட்ட சில்வெஸ்டர்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் சரி, பைபிளைத் தொட்டுச் செய்யச் சொன்னாலும் சரி, எனக்கு இரண்டுமே நல்ல பழக்கம்.

தொம்மலூரில், குப்பையே இல்லாத குடியிருப்பு என்று பெயர் வாங்கிய ஓர் அடுக்குமாடி வளாகத்தின் கேட்டில், மதியம் மூன்று மணிக்கு, வெளியே கிளம்பிய மௌரீனின் கணவர் சில்வெஸ்டரைத் தடுத்து நிறுத்தினார்கள்.

அவர் சவப்பெட்டிக்குள் இருந்தார்.

டீசல் வண்டி உள்ளே வரக்கூடாது. அதனால் உரமூட்டை சுமக்கும் பேட்டரி வண்டியில் பெட்டியை ஏற்றியிருந்தார்கள். மௌரீனுக்கு அதில் வருத்தமில்லை. மொட்டைமாடி வெயிலில் சார்ஜ் ஏறிய வண்டி, போனவருக்குப் பிடித்திருக்கும்.

நான்கு மணிக்குக் கல்லறையில் பாதிரியார் காத்திருப்பார். சில்வெஸ்டருக்குக் கல்யாணக் கோட்டு, கையில் ஜெபமாலை, வாயில் பல்செட். நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனிதரை முழுசாக அனுப்பிவைக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

சங்கச் செயலாளர் ஸ்ரீரஞ்சனி பெட்டிக்குள் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“எல்லாம் மிக்ஸ்டா இருக்கே, ஆன்ட்டி. பிரிக்காம எதுவும் கேட்டைத் தாண்டக்கூடாதுன்னு ரூல் போட்டதே நம்ம அங்கிள்தானே?”

உண்மைதான். கல்யாணத்துக்குக் கிளம்பிய பெண்ணை இதே கேட்டில் நிறுத்தி, தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பூ வேறு, நூல் வேறாக உருவ வைத்தவர் அவர்.

அந்தப் பெண்தான் ஸ்ரீரஞ்சனி.

மூன்று தொட்டிகள் வந்தன. அக்கம்பக்கத்தார் கையுறை மாட்டிக்கொண்டு பாசத்தோடு உதவினார்கள். பித்தளைக் கைப்பிடி, மக்காத குப்பைக்கான நீலத் தொட்டிக்கு. பாலியெஸ்டர் கோட்டும் நீலத்துக்கே. ஜெபமாலை பிளாஸ்டிக் என்று ஒருவர் கடித்துப் பார்த்துச் சொன்னார்.

ஸ்ரீரஞ்சனி பல்செட்டில் கை வைத்தபோது மௌரீன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதையாவது விடும்மா. பல் இல்லாம அவர் எங்கிட்டகூடப் பேசமாட்டார்.”

ஸ்ரீரஞ்சனி கல்மனசுக்காரி இல்லை. உடனே வாட்ஸப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தாள். எடுக்கலாம், முப்பத்தொன்று. விடலாம், பூஜ்யம். சிலர் அழுகிற முகத்தையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

மூன்றே முக்காலுக்குப் பருத்தி வேட்டியில் சுற்றிய சில்வெஸ்டர், பச்சை ஸ்டிக்கரோடு கேட்டைத் தாண்டினார். வாய் குழிந்து, வேறு யாரோ மாதிரி இருந்தார். மௌரீன் அந்த யாரோவின் பின்னால் நடந்தாள்.

அந்த வளாகத்தின் மூன்று தொட்டிகளையும் தினமும் காலையில் ஒரே லாரியில்தான் கொட்டுகிறார்கள்.